கரைப்பான் இப்போது எங்கே? சரிவுக் கழுவலில் இயைபைக் கணக்கிடும் முறை

மொழி அவையின் பொழிவு வரிசையில் வேதியியல் ஆய்வகக் கருவி ஒன்றின் கணக்கைப் பேச எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பளிக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தக் கணக்கை நாம் பல ஆண்டுகள் ஆங்கிலத்தில் கற்பித்தோம், பிழையாகவே கற்பித்தோம். தமிழ்ப்பள்ளியில் பயின்று வந்த மாணவி ஒருவருக்கு அதையே தமிழில் விளக்க முற்பட்ட நாளில்தான் அப்பிழை வெளிப்பட்டது.

கரும்பலகையில் நாம் எழுதியது இதுதான். தொடக்கத்தில் கரைப்பானில் அசிட்டோநைட்ரைல் 10 விழுக்காடு. இருபது நிமிடத்தில் அது 70 விழுக்காடாக உயர்கிறது. ஆகவே நிமிடத்திற்கு 3 விழுக்காடு ஏற்றம். ஒரு பொருளின் முகடு 12.5ஆம் நிமிடத்தில் தோன்றுகிறது. அப்போது கரைப்பானின் இயைபு என்ன? 10 + 3 × 12.5 = 47.5 விழுக்காடு. அம்மாணவி நெடுநேரம் பலகையைப் பார்த்திருந்துவிட்டு, "அந்த 47.5 விழுக்காடு எந்த இடத்தில் இருக்கிறது, ஐயா?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. "அப்போது" என்ற சொல்லைப் பலகையில் எழுதிய நாம், "அங்கே" என்ற சொல்லை எழுதவே இல்லை. இக்கட்டுரை அந்த ஒரு கேள்விக்குரிய விடையே.

கருவியை அறியாதோர்க்குச் சில சொற்கள். உருசிய நாட்டுத் தாவரவியலார் மிகயீல் சுவெட் 1903ஆம் ஆண்டு வார்சாவில் ஆற்றிய உரையில், இலைச்சாற்றின் நிறமிகளைப் பிரிக்கும் ஒரு முறையை வெளியிட்டார். தூள் நிரப்பிய கண்ணாடிக் குழலில் சாற்றை ஊற்றிக் கரைப்பானால் கழுவினால், பச்சையும் மஞ்சளும் தனித்தனி வளையங்களாகப் பிரிந்து இறங்கும். இம்முறைக்கு 1906இல் அவர் கிரேக்கச் சொற்களால் பெயரிட்டார். தமிழில் அதனை வண்ணப்பிரிகை என்கிறோம். இன்று பிரிக்கப்படும் பொருள்களிற் பெரும்பாலானவை நிறமற்றவை. பெயர் மட்டும் வண்ணத்தோடு நிலைத்துவிட்டது. குழலில் நிரப்பப்பட்ட தூள் நிலையான நிலைமை. அதனூடே ஓடும் கரைப்பான் நகரும் நிலைமை. ஒரு பொருள் தூளைப் பற்றிக்கொண்டிருக்கும் பொழுது நகர்வதில்லை. கரைப்பானில் இருக்கும் பொழுது மட்டுமே நகர்கிறது. எவ்வளவு பற்றுகிறதோ அவ்வளவு தாமதமாக வெளிவருகிறது. அந்தப் பற்றின் அளவைப் பிடிப்பு எண் என்போம். தூளில் தங்கும் நேரம், கரைப்பானில் செல்லும் நேரத்தைப் போல எத்தனை மடங்கு என்பதே அவ்வெண்.

தேநீரை எடுத்துக்கொள்வோம். தேயிலைச் சாற்றில் காலிக் அமிலம், காஃபீன், கேட்டகின்கள் எனப் பல பொருள்கள் கலந்துள்ளன. நீர் மிகுந்த கரைப்பானைக் கொண்டு கழுவினால் முதலிற் செல்பவை அழகாகப் பிரியும். ஆனால் தூளை இறுகப் பற்றும் கேட்டகின்கள் நெடுநேரங் கழித்துத் தாழ்ந்து அகன்ற மேடுகளாக வரும். அசிட்டோநைட்ரைல் மிகுந்த கரைப்பானைக் கொண்டு கழுவினால் பின்னவை விரைவில் வந்துவிடும். முன்னவையோ ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்துவிடும். எந்த ஒரே இயைபும் இரு சாராருக்கும் பொருந்தாது. ஆகவே மென்மையான கரைப்பானில் தொடங்கிப் படிப்படியாக வன்மையைக் கூட்டும் வழி தோன்றியது. சுவீடனின் உப்சாலாவில் ஆல்ம், வில்லியம்ஸ், திசேலியஸ் ஆகிய மூவரும் 1952இல் இம்முறையை விரிவாக வெளியிட்டனர். இதனை நாம் சரிவுக் கழுவல் என்று வழங்குகிறோம். ஏறுவதைச் சரிவு என்பதா என்று கேட்பவர் உண்டு. மலைப்பாதையின் சரிவு ஏறுவோருக்கும் இறங்குவோருக்கும் ஒன்றுதானே!

எக்கிகளும் கணினியும் வருமுன்னர் இச்சரிவை எவ்வாறு உண்டாக்கினர் என்பதை அறிந்துகொண்டால் கணக்கு எளிதில் விளங்கும். பள்ளியில் செய்து காட்டவும் இது ஏற்றது. ஒரே அகலமுள்ள இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களை அடியில் ஒரு குழாயால் இணையுங்கள். ஒன்றில் 100 மில்லிலிட்டர் நீர். மற்றதில் 100 மில்லிலிட்டர் சாயநீர். நீருள்ள பாத்திரத்தை ஓயாமல் கலக்கிக்கொண்டே அதிலிருந்து சொட்டுச் சொட்டாக வெளியே எடுங்கள். இரு பாத்திரங்களின் நீர்மட்டமும் ஒன்றாகவே இறங்க வேண்டியிருப்பதால், வெளியேறும் ஒவ்வொரு 2 மில்லிலிட்டருக்கும் 1 மில்லிலிட்டர் சாயநீர் உள்ளே வரும். வெளிவரும் நீரின் சாயப்பங்கு நேர்கோடாக ஏறும். 50 மில்லிலிட்டர் வெளியேறியபின் 25 விழுக்காடு. 100 மில்லிலிட்டர் வெளியேறியபின் 50 விழுக்காடு. 200 மில்லிலிட்டரும் தீரும் கணத்தில் 100 விழுக்காடு. வெளியேறிய கனஅளவை மொத்தக் கனஅளவால் வகுத்தால் விடை.

இப்போது பாத்திரத்தை மூடிவிடுவோம். உள்ளே எப்போதும் 100 மில்லிலிட்டர் இருக்கும். சாயநீர் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு கலவை வெளியேறும். இங்கு ஏற்றம் நேர்கோடாக இராது. 100 மில்லிலிட்டர் சென்றபின் 63.2 விழுக்காடு, 200 சென்றபின் 86.5, 300 சென்றபின் 95. முதலில் விரைந்து ஏறிப் பின்னர் நூறை நோக்கித் தயங்கித் தயங்கி நெருங்கும். பழைய வேடிக்கை என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. இன்றைய கருவியினுள் இருக்கும் கலவைக்கலம் இந்த மூடிய பாத்திரத்தின் சிறு வடிவமே. கணினித் திரையில் கூர்மையான முனைகளோடு வரையப்படும் சரிவு, கலவைக்கலத்தைக் கடந்து வரும்போது முனை மழுங்கி, சற்றுப் பிந்தி வருவது இதனாலேயே.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். கரைப்பான் ஓர் ஊர்வலம் போன்றது. எக்கி கலந்து அனுப்பும் இயைபு முதலில் கலவைக்கலத்தையும் நுண்குழாய்களையும் செலுத்துவாயையும் கடந்து பிரிகைக் குழலின் வாயிலை அடைய வேண்டும். இந்த வழியில் அடங்கும் நீர்மத்தின் அளவைத் தேங்கு கனஅளவு என்போம். பின்னர் அது பிரிகைக் குழலின் தூள்மணிகளுக்கு இடையிலும் அவற்றின் நுண்துளைகளிலும் உள்ள வெளியைக் கடந்து உணரியை அடைய வேண்டும். இது இடைவெளிக் கனஅளவு. 15 சென்டிமீட்டர் நீளமும் 4.6 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட வழக்கமான குழலை எண்ணிப் பாருங்கள். வெற்றுக் குழாயாக அதன் கொள்ளளவு 2.49 மில்லிலிட்டர். அதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான் நீர்மத்துக்குரிய இடம், ஆகவே 1.5 மில்லிலிட்டர். கருவியின் தேங்கு கனஅளவு 1.0 மில்லிலிட்டர் என்றும், ஓட்ட வீதம் நிமிடத்திற்கு 1.0 மில்லிலிட்டர் என்றும் கொள்வோம். அப்படியானால் எக்கியிலிருந்து குழலின் வாயிலுக்கு 1.0 நிமிடம், வாயிலிலிருந்து உணரிக்கு மேலும் 1.5 நிமிடம்.

கடிகாரம் 12.5 நிமிடத்தைக் காட்டும் அதே கணத்தில் மூன்று இடங்களில் மூன்று இயைபுகள் இருக்கின்றன. எக்கியில் 10 + 3 × 12.5 = 47.5 விழுக்காடு. குழலின் வாயிலில், ஒரு நிமிடத்திற்கு முன் புறப்பட்ட கரைப்பான் நிற்கிறது: 10 + 3 × 11.5 = 44.5 விழுக்காடு. உணரியில், இரண்டரை நிமிடத்திற்கு முன் புறப்பட்டது நிற்கிறது: 10 + 3 × 10 = 40 விழுக்காடு. நமது பொருளைக் குழலிலிருந்து வெளியேற்றிக்கொண்டு வந்தது இந்த 40 விழுக்காட்டுக் கரைப்பானே. நாம் பலகையில் எழுதிய 47.5 விழுக்காடு, அப்பொருளை இன்னும் எட்டியே பார்க்கவில்லை. அது எக்கியின் வாயிலேயே இருந்தது.

சூத்திரமாகச் சொன்னால், நேரத்திலிருந்து தேங்கு நேரத்தையும் இடைவெளி நேரத்தையும் கழித்து, எஞ்சியதைச் சரிவின் வீதத்தால் பெருக்கி, தொடக்க இயைபோடு கூட்டுக. எஞ்சியது சுழியத்துக்குக் கீழே போனால் சரிவு இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். தொடக்க இயைபே விடை. மாணவர்கள் சிலர் இங்கு எதிர்மறை எண்ணைப் பெருக்கிப் பத்து விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுபோய்விடுவர். பாட்டிலில் இல்லாத கரைப்பானைக் கணக்கு உண்டாக்காது.

ஏழரை விழுக்காடு வேறுபட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். சரிவில் கண்ட இயைபை வைத்து, அப்பொருளை மட்டும் நாள்தோறும் அளப்பதற்கு மாறா இயைபில் ஒரு முறையை அமைப்பது ஆய்வகங்களில் வழக்கம். பிடிப்பு எண்ணின் மடக்கை, கரிமக் கரைப்பானின் பங்கு கூடக்கூட ஏறக்குறைய நேர்கோடாகக் குறையும் என்பதை லாயிட் சினைடரும் அவருடன் ஆய்ந்தோரும் நிறுவினர். காஃபீன் போன்ற சிறு மூலக்கூறுகளுக்கு அக்கோட்டின் சாய்வைச் சுமார் 4 எனக் கொள்ளலாம். அதாவது, கரைப்பானில் ஒவ்வொரு 10 விழுக்காட்டு ஏற்றத்திற்கும் பிடிப்பு எண் இரண்டரை மடங்கு குறையும். நமது எடுத்துக்காட்டில் சரிவின் செங்குத்துத்தன்மை 1.5 × 0.60 × 4 ÷ 20 = 0.18. பொருள் குழலை விட்டு வெளியேறும் கணத்தில் அதன் பிடிப்பு எண், 2.3ஐயும் 0.18ஐயும் பெருக்கி ஒன்றை அதனால் வகுத்தால் கிடைக்கும்: ஏறத்தாழ 2.4. ஆகவே 40 விழுக்காட்டு மாறா இயைபில் அது 1.5 × 3.4, அதாவது சுமார் 5 நிமிடத்தில் வரும். நல்ல இடம். 47.5 விழுக்காட்டில் பிடிப்பு எண் பாதியாகி 1.2 ஆகிவிடும், சுமார் 3.3 நிமிடத்தில், பற்றற்ற பொருள்களின் கூட்டத்தருகே வந்து நிற்கும். நம்மிடம் பயின்றோர் சிலர் இந்த இரண்டாவது வழியிற் சென்று, அடுத்த முகட்டோடு ஒட்டிய முகட்டைப் பிரிக்கப் பல வாரங்கள் பாடுபட்டனர். தூளைக் குறை கூறினர். கரைப்பானைக் குறை கூறினர். குறை நமது பலகையில் இருந்தது. (10 விழுக்காட்டிலேயே நின்றிருந்தால் அதே பொருள் வருவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்பதையும் இக்கணக்கே காட்டும்.)

இன்னொரு பொறி பாட்டிலில் இருக்கிறது. கருவியின் திரை காட்டுவது இரண்டாம் பாட்டிலின் பங்கை. அசிட்டோநைட்ரைலின் பங்கை அன்று. பல ஆய்வகங்களில் முதற் பாட்டிலில் 5 விழுக்காடும் இரண்டாம் பாட்டிலில் 95 விழுக்காடும் அசிட்டோநைட்ரைல் கலந்து வைப்பர். திரையில் 10 என்றால் உண்மையில் 0.9 × 5 + 0.1 × 95 = 14 விழுக்காடு. திரையில் 70 என்றால் 68 விழுக்காடு. நிமிடத்திற்கு 3 விழுக்காடு என்று நாம் எண்ணிய ஏற்றம் 2.7 ஆகிவிடுகிறது. உணரியில் 12.5ஆம் நிமிடத்தில் 14 + 2.7 × 10 = 41 விழுக்காடு. வேறுபாடு சிறிதே, ஆயினும் எந்தப் பங்கைக் குறிக்கிறோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதாவிட்டால், அடுத்து வருபவர் எதையும் மீட்டெடுக்க முடியாது. மெத்தனாலைப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்க: 50 மில்லிலிட்டர் மெத்தனாலையும் 50 மில்லிலிட்டர் நீரையும் சேர்த்தால் 100 மில்லிலிட்டர் கிடைப்பதில்லை, ஏறத்தாழ 96தான் கிடைக்கும். விழுக்காடு என்பது கலப்பதற்கு முன் அளந்த அளவுகளைக் குறிப்பது.

தேங்கு கனஅளவை எப்படி அறிவது? விற்பனையாளர் தரும் ஏட்டை நம்புவதிலும் அளந்து பார்ப்பது மேல். பிரிகைக் குழலைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ஒரு சிறு இணைப்பைப் பொருத்துங்கள். இரண்டாம் பாட்டிலில் உள்ள கரைப்பானில் ஆயிரத்தில் ஒரு பங்கு அசிட்டோனைச் சேர்த்து, சுழியத்திலிருந்து நூறு விழுக்காட்டிற்கு இருபது நிமிடச் சரிவை ஓட்டுங்கள். உணரியை 265 நானோமீட்டரில் வையுங்கள். அசிட்டோன் ஏற ஏறக் கோடு உயரும். உயரத்தின் சரிபாதியை அது எட்டும் நேரத்தைப் படியுங்கள். குறையற்ற உலகில் அது 10.0 நிமிடம். 11.0 என்று வந்தால் தேங்கு நேரம் 1.0 நிமிடம், ஓட்ட வீதத்தால் பெருக்கினால் கனஅளவு. தொடக்கப் புள்ளியைப் படிக்காமல் பாதி உயரத்தைப் படிப்பதன் காரணம் முன்பே கண்டதுதான்: தொடக்க முனை கலவைக்கலத்தில் மழுங்கிவிடுகிறது, நடுப்பகுதி நேராகவே இருக்கிறது.

இந்த ஓர் எண்ணை அளக்காமல் விட்டதால் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். மருந்து ஒன்றிலுள்ள மாசுகளை அளக்கும் முறையொன்று ஓர் ஆய்வகத்திலிருந்து மற்றோர் ஆய்வகத்திற்கு மாற்றப்பட்டது. குழலும் கரைப்பானும் சரிவும் ஒன்றே. முதல் ஆய்வகத்தில் ஒவ்வொரு கரைப்பானுக்கும் தனி எக்கி. உயர் அழுத்தத்தில் கலப்பு. தேங்கு கனஅளவு 1 மில்லிலிட்டர். இரண்டாம் ஆய்வகத்தில் அடைப்பிதழ்கள் கரைப்பான்களை முன்னரே கலந்து ஒரே எக்கிக்கு அனுப்பும் பழைய கருவி. எக்கியின் உட்புறமும் வழியிற் சேர்ந்துகொள்வதால் 3 மில்லிலிட்டர். முகடுகள் இரண்டு நிமிடம் பிந்தின. அது மட்டுமாயின் கவலையில்லை. தொடக்கத்தில் வரவேண்டிய இரு மாசுகள் இடைவெளி குன்றி ஒன்றாகிவிட்டன. புதிய குழல் வாங்கினர்; பயனில்லை. மருந்தில் மாசு மிகுந்துவிட்டதோ என்ற ஐயம்வரை சென்றது.

காரணத்தை நமது கணக்கே சொல்லும். பிந்தி வரும் பொருளைப் பாருங்கள். 14.5 − 3.0 − 1.5 = 10.0, இங்கும் அதனை வெளியேற்றியது 40 விழுக்காடுதான். அது இடம் மாறியதே தவிர அதன் பிரிகை மாறவில்லை. முந்தி வருபவற்றின் நிலை வேறு. முதற் கருவியில் 2.5ஆம் நிமிடத்திலேயே சரிவு குழலின் கடைசியை எட்டிவிடும். இரண்டாம் கருவியிலோ 4.5ஆம் நிமிடம்வரை 10 விழுக்காட்டுக் கரைப்பானே ஓடுகிறது. ஒன்றில் சரிவால் தள்ளப்பட்டு வந்த பொருள்கள், மற்றொன்றில் சரிவையே காணாமல் வெளியேறின. தீர்வு செலவற்றது: இரண்டாம் கருவியில் சரிவைத் தொடங்கி இரண்டு நிமிடங் கழித்து மாதிரியைச் செலுத்தினர். எதிர்த்திசையில், பெரிய தேங்கு கனஅளவுள்ள கருவியிலிருந்து சிறியதற்கு மாற்றுவோர், சரிவிற்கு முன் மாறா இயைபில் சிறிது நேரம் ஓடவிட்டால் போதும்.

குழல் மெலியும்போது இத்தொல்லை பெருகும். 2.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழலின் குறுக்குப்பரப்பு, 4.6 மில்லிமீட்டர் குழலினதில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கேற்ப ஓட்ட வீதத்தை நிமிடத்திற்கு 0.2 மில்லிலிட்டராகக் குறைத்தால், அதே 1.0 மில்லிலிட்டர் தேங்கு கனஅளவைக் கடக்க 5 நிமிடம் ஆகும். கனஅளவு கருவியின் உடைமை. நேரம் நாம் தேர்ந்த ஓட்டத்தின் உடைமை. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புவது நாம் திருத்தும் விடைத்தாள்களில் மிகுதியாகக் காணும் பிழை.

பொழிவின் முடிவில் ஓர் ஆசிரியர் கேட்ட கேள்வியையும் இங்குச் சேர்த்துவிடுகிறோம். முகட்டிற்கும் அகலம் உண்டல்லவா. அதன் முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒரே இயைபிலா வெளிவருகின்றன என்றார். இல்லை. முகட்டின் அகலம் 0.2 நிமிடம் என்றால், நிமிடத்திற்கு 3 விழுக்காட்டு ஏற்றத்தில் இரு விளிம்புகளுக்கும் இடையே 0.6 விழுக்காடு வேறுபாடு இருக்கும். பின்விளிம்பு எப்போதும் முன்விளிம்பினும் சற்று வன்மையான கரைப்பானில் இருக்கிறது. ஆகவே பற்றுக் குறைந்து சற்று விரைந்து நகர்கிறது. முன்னே செல்வதை நெருங்குகிறது. சரிவுக் கழுவலில் கடைசியாக வரும் முகடுகூட ஒடுங்கி உயர்ந்து நிற்பதற்கு இந்நெருக்கமும் ஒரு காரணம். வெளியேறும் கணத்தில் ஒவ்வொரு பொருளின் பிடிப்பு எண்ணும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பது மற்றொரு காரணம்.